அவ போயிட்டா

1

அன்று ஆண்டாப் ஹில்லில் என் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மகள் ஜமீலா. ஊரிலிருந்து ரயிலேறி வந்த என் கூடப்பிறந்த லாத்தா மைமூன். லாத்தாவின் வீட்டுக்காரர், காதர் மச்சான். அழுகைச் சத்தம் கேட்டு ஓடி வந்து, என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சேர்ந்து அழுத பக்கத்து வீட்டு மராட்டி அம்மா சாந்தாபாய். ஆக ஐந்து பேர். ஐந்து பேரும் உயிரோடுதான் இருந்தோம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நம் ஊரில் சிலர் இன்னும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்றேன். நம் ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கண்டு கிட்டே வந்தார். பெயரைப் போடவில்லை, அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அல்லா ஒமக்குப் பொறுமையக் குடுக்கட்டும்வே. வளந்த புள்ளயப் பறிகுடுத்துட்டேரே" என்றார்.

"இல்ல, அவ ஜெர்மனில இருக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? துக்கம் தாங்காமல் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். "இருக்கட்டும், இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்" என்று தோளைத் தட்டிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். என் பஸ் வந்ததையும் போனதையும் நான் கவனிக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே வெசனம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இப்படி துஆ கேட்டுக்கொண்டே இருந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று கூடத் தோன்றுகிறது. எனக்கு இப்படித்தான் தோன்றும். அதனால் நடந்ததை நடந்தபடி நம் ஊர்ப் பத்திரிகையில் ஊர்க்காரர்களுக்கு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

2

தாராவியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. தோல் பர்ஸ் தைக்கிறோம். ஜமீலாவின் உம்மா, ஜமீலா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் பிள்ளையும்தான். நான் பட்டறைக்குப் போனால் அவள் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறாளா என்று வெசனம். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் தனியாக ஸ்டவ்வைப் பற்றவைப்பாளோ என்று வெசனம். என் வெசனத்தில்தான் அவள் படித்தாள் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே இருந்தால் வாப்பாவுக்கு நிம்மதி என்று கண்டுகொண்டாள் போலிருக்கிறது; படிப்பை விடவே இல்லை. பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. என்று போய், கடைசியில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்பது எனக்கே ஒரு வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்க வராது. பஸ் போர்டில் இருக்கிற மராட்டியை வாசிப்பாள். தூக்கத்தில் பிதற்றினால் ஹிந்தியில் பிதற்றுவாள். உம்மாவைக் கனவில் கண்டாலும் ஹிந்தியில்தான் பேசுவாளோ, பாவம் உம்மாவுக்கு விளங்காதே என்று நான் படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

"அங்கன என்ன சோலிம்மா பாக்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் தலையைச் சொறிந்துகொண்டாள். இங்கிலீஷில் இருக்கிற சொல்லுக்குத் தமிழைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. "கெணறு வாப்பா."

"கெணறா?"

"ஹா(ங்), கெணறு. ரொம்பச் சின்னக் கெணறு. கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் சுவர், நடுவுல பள்ளம். அதுல எலக்ட்ரான் விழும். விழுந்தா ஏறி வர முடியாது. உள்ளயே அடங்கி வெளிச்சமா ஆயிடும். அந்த வெளிச்சத்தத்தான் நான் பாக்குறேன்."

"கெணத்துல விழுந்தா வெளிச்சமா வரும்?"

"இந்தக் கெணத்துல வரும்."

இரண்டு விதமான பொருளை, ஈர்க்குச்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் கனமில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்தால் நடுவில் அந்தக் கிணறு வந்துவிடுமாம். கிணற்றைக் குறுக்கினால் வெளிச்சத்தின் நிறம் மாறுமாம். எனக்கு இவ்வளவுதான் பிடிபட்டது. தோலும் லைனிங் துணியும் ஒட்டுகிற மாதிரி என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

3

போன வருஷம் அவளுக்கு மேற்கு ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. கிணற்றைப் படியவைக்கிற மெஷின் அங்கேதான் இருக்கிறது. இவர்களுக்கு அங்கிருந்து துண்டுதுண்டாகத் தபாலில் வரும், அதை வைத்துப் பார்ப்பார்கள். "வந்து நீயே செய்து நீயே பார், இரண்டு வருஷம்" என்று எழுதியிருந்தார்கள். மாத முடிவுக்குள் பதில் போட வேண்டும்.

"நீங்க சரின்னா போறேன் வாப்பா. இல்லன்னா வேண்டாம்னு எழுதிடுறேன். டென்ஷன் எடுக்காதீங்க" என்றாள்.

என்னிடம் போய் இப்படிச் சொன்னால்? நீ போ என்று சொல்ல வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் வரவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் சோறு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் சோற்றைப் பார்ப்பேன். ஊருக்கு டிரங்க் கால் போட்டு லாத்தாவைக் கேட்போம் என்று முடிவு செய்தேன். என்னைவிட மூத்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள்.

என்ன பேச வேண்டும் என்று பட்டறையில் தைத்துக்கொண்டே பாடம் செய்தேன். ஜெர்மனி என்று எடுத்ததும் சொன்னால் பயந்துவிடுவாள். முதலில் அவள் பார்க்கிற வேலையைச் சொல்ல வேண்டும். பிறகு அதற்காகக் கூப்பிட்டிருப்பதை. கடைசியாக என் மனசை.

சாயங்காலம் போன் ஆபீசில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். ஊரில் அரிசிக் கடை போனுக்குத்தான் கால். கடையில் ஆள் விட்டு லாத்தாவைக் கூட்டி வந்தார்கள். லைனில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல்.

"லாத்தா, ஜமீலா பாக்குற சோலி என்னன்னா..."

"கேக்கல! ஜமீலாவுக்கு என்ன?"

"கெணறு லாத்தா! கெணத்துல விழுந்து..."

"எங்க?"

"கெணத்துல! கெணத்துல!" தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன். பிறகு வெளிச்சம் வருவதையும் ஜெர்மனிக்காரன் கூப்பிட்டதையும் சொன்னேன். அதெல்லாம் இரைச்சலில் போயிருக்கிறது. நேரம் முடியப் போகிறது என்று இடையில் ஒரு பெண் குரல் சொன்னது. அவசரத்தில், பாடம் செய்ததில் கடைசி வரியைச் சொன்னேன்:

"அவ போயிட்டா... நான் தனியாத்தான் கெடக்கணும் லாத்தா!"

அந்தப் பக்கம் ஓ என்று ஓர் அழுகை. கால் கட்டாகிவிட்டது.

படித்தவர்கள் எழுத்தில் எழுதினால் ‘போய்விட்டால்’ என்று ஒன்று, ‘போய்விட்டாள்’ என்று ஒன்று. இரண்டும் வேறு. நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். நான் சொன்னது ஒரு போயிட்டா. லாத்தா கேட்டது இன்னொரு போயிட்டா.

எனக்கு அது உறைக்கவில்லை. பிள்ளை வெளிநாடு போவதற்கே லாத்தா இப்படி அழுகிறாள், அவளாலேயே தாங்க முடியவில்லை, நான் எப்படித் தாங்குவேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

4

லாத்தாவும் மச்சானும் புறப்பட்டதாகக் கொடுத்த தந்தி, அவர்கள் வந்து சேர்ந்ததற்கு மறுநாள் வந்தது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒன்றும் அறியாமல் பால் வாங்கப் போயிருந்தேன். பிறகு நடந்ததை ஜமீலா சொல்லித்தான் தெரியும்.

கதவு தட்டப்பட்டது. தலையைத் துவட்டிக்கொண்டே திறந்தாள். காதர் மச்சான் நின்றார். அவளைச் சின்னதில் பார்த்தது, அடையாளம் தெரியவில்லை. யாரோ துக்கத்துக்கு வந்த பெண் என்று நினைத்துக்கொண்டு, தணிந்த குரலில், "மய்யித்த எங்கம்மா அடக்குனாங்க?" என்று கேட்டார்.

"இங்க யாரும் மௌத் ஆகல. நீங்க வேற வீட்டுக்கு வந்துட்டீங்க போல."

"இது மைதீன் வீடுதான?"

"ஆமா. நான் அவங்க மக, ஜமீலா."

மச்சான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற லாத்தா, பையைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள், காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு முதுகில் இரண்டு அடி வைத்தாள். அந்தச் சமயத்தில்தான் சாந்தாபாய் ஓடி வந்ததும், கூட அழுததும்.

நான் பாலோடு உள்ளே நுழைந்தேன்.

"ஏலே, நீ மனுசனா?" என்றாள் லாத்தா. "மூணு நாளு ரயில்ல ஒரு வாய் தண்ணி எறங்கல எனக்கு. போன்ல என்னலே சொன்ன நீ?"

"நான் என்ன சொன்னேன்? கெணறுன்னு சொன்னேன். அவ போயிட்டா தனியாக் கெடப்பேன்னு சொன்னேன்."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. பால் பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

மச்சான்தான் முதலில் சிரித்தார். "ஏ புள்ள, ஊர்ல ஒனக்கு நேத்தோட மூணாம் பாத்திஹா முடிஞ்சிருக்கும், தெரியுமா? நெய்ச்சோறு ஆக்கச் சொல்லிட்டு வந்தோம்."

"நல்லா இருந்துச்சாமா மாமா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் ஒனக்காக ரயில்லல்ல கெடந்தேன்."

எல்லோரும் சிரித்தோம். லாத்தா சிரிக்கவில்லை. தேநீர் குடிக்கும்போது என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "ஊர்ல கேட்டாங்க தம்பி. தானாக் குதிச்சாளா, தவறி விழுந்தாளான்னு. தவறித்தான்னு நான் கண்ணால கண்ட மாதிரி சொன்னேன். குதிச்சவளுக்குத் தொழுக வைக்க மாட்டோம்னு சொல்லிருவாங்களோன்னு பயம்."

என் தேநீரையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பிறகு ஜெர்மனி விஷயத்தைச் சொன்னோம். லாத்தாவின் முகம் மாறியது. "கெணத்துக்காகவா? அங்கயா? ஒத்தையிலயா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "எந்தக் கெணறுன்னு நான் என் கண்ணால பாக்கணும். பாக்காம ஊருக்குப் போக மாட்டேன்."

5

ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் காவல்காரர் எதற்காக வந்தோம் என்று ஹிந்தியில் கேட்டார். ஜமீலா வாய் திறப்பதற்குள் லாத்தா முந்திக்கொண்டு, தமிழிலேயே, "கெணறு பாக்க" என்றாள். அவர் ஜமீலாவைப் பார்த்தார். ஜமீலா, "ரிலேட்டிவ்ஸ்" என்று எழுதிவிட்டாள்.

இருட்டறை. வாசலிலேயே ஒரு தட்டை நீட்டினாள் ஜமீலா. உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது, இரும்பு எதுவும் கொண்டு போகக் கூடாது. லாத்தா சேலையிலிருந்தும் கண்ணாடி வளையலிலிருந்தும் ஊக்குகளாகக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். நான் பட்டறைச் சாவிக்கொத்தைப் போட்டேன். மச்சான் இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து வைத்து, "போலீசு கூட என்னைய இப்படித் தடவல" என்றார்.

ஜமீலாவின் சார், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரர், சிரித்துக்கொண்டே வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது. "வாங்கோ, வாங்கோ. கிணறுதான், தப்பில்லே. இங்கிலீஷ்ல நாங்க அப்படித்தான் சொல்றோம். ஆனா போன்ல யாரும் தமிழ்ல சொல்றதில்லே, அதனால இதுவரைக்கும் ஆபத்து வரலே" என்றார்.

ஒரு சாமணத்தால் ஜமீலா சின்னத் துண்டு ஒன்றைக் காட்டினாள். சுண்டுவிரல் நகத்தளவு. கண்ணாடி மாதிரி மினுக்கம்.

"இதுல எங்கட்டி கெணறு?"

"உள்ள இருக்கு மாமி. அம்பது கெணறு, அடுக்கடுக்கா."

அதே மாதிரி இன்னொரு துண்டு காந்தத்துக்கு நடுவே ஒரு குடுவைக்குள் கடுங்குளிரில் இருந்தது. குடுவையிலிருந்து பனிப்புகை இறங்கியது. விளக்கை அணைத்தாள். ஊசி மாதிரி ஒரு சிவப்பு வெளிச்சம் குறுக்கே ஓடி அந்தத் துண்டைத் தொட்டது. அந்த வெளிச்சத்தை ஒரு பக்கமாகச் சுழல வைத்து அனுப்பினால், கிணற்றில் விழுகிற எலக்ட்ரானும் அந்தப் பக்கமாகவே சுழலுமாம். வெளியே வருகிற வெளிச்சத்தைப் பார்த்து, எத்தனை இன்னும் அதே பக்கம் சுழலுகின்றன, எத்தனை மறந்துவிட்டன என்று சொல்லிவிடலாமாம்.

"வெளிச்சம் எங்க?" என்றாள் லாத்தா.

"அது கண்ணுக்குத் தெரியாது மாமி. மெஷினுக்குத்தான் தெரியும். இங்க பாருங்க."

காகிதச் சுருள் மெதுவாக நகர்ந்தது. ஒரு பேனா தானாக ஏறி இறங்கி ஒரு மேடு வரைந்தது. ஜமீலா ஒரு வில்லையைத் திருப்பினாள். இரண்டாவது மேடு, மறந்து எதிர்ப்பக்கம் சுழலுகிறவற்றுக்காம், சின்னது. பிறகு காந்தத்தை முடுக்கினாள். கும்மென்று ஒரு சத்தம். இப்போது வரைந்த இரண்டு மேடும் ஒரே உயரம்.

"மறந்துருச்சா?" என்று கேட்டேன்.

"மறந்துருச்சு வாப்பா. காந்தம் இருந்தா தடுமாறிடும்."

"காந்தம் இல்லன்னா எம்புட்டு நேரம் ஞாபகம் வச்சிருக்கும்?" என்றாள் லாத்தா.

"ஒரு செகண்ட நூறு கோடித் துண்டா வெட்டுனா, அதுல ஒரு துண்டு. இல்லன்னா அதுக்கும் கம்மி."

"அம்புட்டுதானா? ஒன் மாமாவே தேவல."

மச்சான் இருட்டில் இருமினார். லாத்தா தொடர்ந்தாள்: "கெணறும் தெரியல, வெளிச்சமும் தெரியல. இதுக்கா நான் மூணு நாளு மாரடிச்சுக்கிட்டு வந்தேன்?"

ஆனால் பேனா எழுதி முடிக்கும் வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் கவனித்தது வேறு. அந்த இருட்டில் ஜமீலாவுக்கு எதையும் தடவிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கை நீட்டிய இடத்தில் எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் உப்பு டப்பாவுக்குக் கூட அவள் என்னைக் கூப்பிடுவாள். அந்த அறையில் எங்களை மறந்து, பேனாவைப் பார்த்துக்கொண்டு, தனக்குள் ஏதோ முணுமுணுத்தாள். எந்தப் பாஷையில் என்று காது கொடுத்துக் கேட்டேன். எண்கள். இங்கிலீஷில்.

6

மறுநாள் விடியற்காலை குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றோம், நானும் லாத்தாவும். ஜமீலா எழுந்திருக்கவில்லை.

"என்ன லாத்தா சொல்லுத?" என்று கேட்டேன்.

"நீ என்ன சொல்லுத, அதச் சொல்லு."

"அவ போயிட்டா நான் தனியாத்தான் கெடக்கணும்" என்றேன். பாடம் செய்த வரி, அது மட்டும்தான் என்னிடம் இருந்தது. "காய்ச்சல்னா யாரு பாப்பா? அங்க பனியில வழுக்கி விழுந்தா யாரு தூக்குவா? ரெண்டு வருசத்துல தமிழும் போயிரும். போன் பண்ணக் கூட..."

"செத்த நேரம் வாய மூடுலே."

வாளி நிறைந்தது. அதை நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த வாளியைக் குழாய்க்குக் கீழே தள்ளினாள்.

"நீ போன் வச்சதுல இருந்து இந்த வாசல் வர, இவ போயிட்டான்னு நெனச்சுக்கிட்டு வந்தவ நான். ஒவ்வொரு ஸ்டேசனா நெனச்சுக்கிட்டு வந்தேன். அது போனது. இது போறது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமயா இருக்க நீ?"

பின்னால் நின்றவர்கள் ஹிந்தியில் சத்தம் போட்டார்கள், தண்ணீர் வழிகிறது என்று. நான் வாளியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஜமீலாவை எழுப்பி, "போயிட்டு வாம்மா" என்றேன். அவள் தூக்கக் கலக்கத்தில், எங்கே, கடைக்கா, என்று கேட்டாள்.

சம்மதம் சொன்ன கையோடு அடுத்த வெசனம் பிடித்துக்கொண்டது. சம்பளம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான். விமான டிக்கெட் நம் செலவு. பட்டறையில் இருந்ததை வழித்தாலும் குறைந்தது. யாரிடம் கேட்பது என்று நான் வாய்விட்டே புலம்பிக்கொண்டிருந்தேன். லாத்தா தன் பையின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து ஜமீலாவின் மடியில் வைத்தாள்.

"என்ன மாமி இது?"

"ஒன் ஏழாம் பாத்திஹாவுக்குக் கொண்டாந்தது. வளவிய அடகு வச்சுக் கொண்டாந்தேன். இங்கன ஆளுக்குச் சோறு போடணுமேன்னு."

ஜமீலா முடிச்சைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கட்டி. மய்யித்துக்குக் கொண்டாந்த காச நான் எப்படி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போவேன்? உசுரோட இருக்கவளுக்குச் செலவாகட்டும்."

"கடனாத்தான் மாமி. நான் திருப்பிக் குடுப்பேன்."

"கடன்தான். யாரு சும்மா தந்தா?" என்றாள் லாத்தா.

7

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தவர் என் பெயரை ஒரு மாதிரியும் அடுத்த தாளில் வேறு மாதிரியும் எழுதி, அதைச் சரி செய்ய நான் அலைந்ததை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. எப்படியோ ஜெர்மனி போய்ச் சேர்ந்தாள். நேற்றோடு ஒரு வருஷம்.

நான் இப்போது பட்டறை விட்டு வந்ததும் ஒரு ஆள் சோறு வடிக்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது இன்னும் கைக்குப் படியவில்லை, மிஞ்சுகிறது. ரேடியோவில் அங்கே பனிப்புயல் என்று சொன்னால் சோறு இறங்காது. அது அவள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்கவும் எனக்கு ஆள் இல்லை. சாந்தாபாய் தினமும் ஒரு தடவை "பேட்டி கைசி ஹை?", மகள் எப்படி இருக்கிறாள், என்று கேட்பார். நானும் "அச்சி ஹை", நன்றாக இருக்கிறாள், என்பேன். சில நாள் என் வாயிலிருந்து வருகிற பேச்சு மொத்தமும் அதுதான்.

ஜமீலா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அனுப்புகிறாள். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அது ஒரு விதத்தில் நல்லது, கடிதம் சீக்கிரம் தீராது. தன் கையாலேயே ஒரு கிணறு கட்டிவிட்டாளாம். அதில் விழுந்தவை மற்ற கிணற்றில் விழுந்ததைவிடக் கூடுதல் நேரம் ஞாபகம் வைத்திருக்கின்றனவாம். அதைப் பார்த்து முடிக்க இன்னொரு வருஷம் சேர்த்து இருக்கச் சொல்கிறார்களாம். என்ன வாப்பா சொல்றீங்க என்று கேட்டிருக்கிறாள். இரு என்று எழுதிப் போட்டேன். எழுதிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய கடனை நானே அடைத்துவிடலாம் என்று நோன்புப் பெருநாளைக்கு முன்னால் லாத்தாவுக்கு மணியார்டர் அனுப்பினேன். பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார் என்று திரும்பி வந்தது. ஏதோ தபால்காரர் தவறு என்று மறுபடியும் அனுப்பினேன். மறுபடியும் வந்தது. ஊர் போய் வந்த பட்டறை ஆளிடம் லாத்தா சொல்லி அனுப்பியிருந்தாள்: "நான் ஒனக்கா கடன் குடுத்தேன்? வாங்குனவ வந்து, என் வாசல்ல நின்னு, என் கையில தரட்டும்."

அதற்குப் பிறகு நான் அனுப்பவில்லை. இனியும் அனுப்ப மாட்டேன். ஜமீலாவிடமும் சொல்லிவிட்டேன், அங்கிருந்து அனுப்பினால் மாமி வாங்க மாட்டாள் என்று. ஆகவே ஊர்க்காரர்கள் யாராவது என் மகளைப் பற்றிக் கேட்டால், துஆ கேட்க வேண்டாம், இதை மட்டும் சொல்லுங்கள்: அவள் உயிரோடு இருக்கிறாள், மைமூன் லாத்தாவுக்கு அவள் நேரில் வந்து கையில் கொடுக்க வேண்டியது இன்னும் பாக்கி நிற்கிறது, ரூபாய் இரண்டாயிரத்து ஐந்நூறு.